பட்டாபட்டிக் கோட்டையும் ரோமாபுரிக் கள்வரும்

வாழி! வாழி! வேங்கிக்கால் விரிவாக்கப் பகுதி மூன்றாம் குறுக்குத் தெருவின் முடிசூடா வேந்தன், முப்பத்தொரு ஆண்டுகள் அரசுக் கோப்புகளைக் கண்ணிமைபோல் காத்தும் அவ்வப்போது தொலைத்தும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளன், கோதண்டராமன் பெற்ற குலக்கொழுந்து, இரத்தத்தில் சர்க்கரை இருநூறைத் தொட்டபோதும் ஜாங்கிரியைக் கண்டு பின்வாங்காத தீரன், இராமலிங்கப் பெருந்தகை வாழி! மண்ணுலகில் பிறந்த கள்வர் அனைவரும் தன் ஒருவனது சட்டைப் பையைக் குறிவைத்தே பிறந்தனர் என்று மனமார நம்பிய அந்த ஒப்பற்ற வீரனின் போர்க்காதையைப் பாடப் புலவர் எவரும் முன்வரவில்லை. வீட்டில் கேட்டுப் பார்த்ததில் வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே அவனே எழுதுகோல் ஏந்தித் தன் புகழைத் தானே பாடத் துணிந்தான். நெருப்பே மலையாய் நின்ற அண்ணாமலையானே, அடியேனின் மானத்தைக் காக்க முடியாவிட்டாலும் இலக்கணத்தையாவது காத்தருள்வாய்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். வீரனின் ஒரே மகள் எழிலரசி, கடல்கள் பல கடந்த ரோமாபுரியில், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கலையில் உயர்படிப்பு முடித்துப் பட்டம் பெறும் நாள் நெருங்கிவிட்டது. மூன்று ஆண்டுகளாக மகளின் முகத்தைக் கைபேசித் திரையில் மட்டுமே கண்டு, சிக்னல் அறுபட்டு வாய் திறந்தபடியே உறைந்துபோன அந்த முகத்திடமும் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பழகியவள் வீரனின் துணைவி ஆதிலட்சுமி. அவள் பொருட்டு இருவரும் மூன்று முறை சென்னைக்குப் படையெடுத்து, கல்யாணப் பத்திரிகை வரை காட்டி, பத்து விரல் ரேகைகளையும் பதித்து வென்ற விசா, இரண்டு பாஸ்போர்ட்டுகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. திங்கட்கிழமை விமானம். அந்த இரு சிறு நூல்களும் தொலைந்தால் பயணம் இல்லை, பட்டமளிப்பு இல்லை, ஆதிலட்சுமியின் முகத்தில் விழிக்கும் துணிச்சலும் நம் வீரனுக்கு இல்லை.

இந்நிலையில்தான் அவன் யூடியூப் என்னும் பெருங்கடலில் இறங்கினான். வெளிநாட்டுத் தெருக்களில் பயணிகளை ஏமாற்றும் வஞ்சகர் பற்றிய காணொளிகள் நாற்பத்து மூன்றைக் காலைக் காப்பிக்கும் இரவு மாத்திரைக்கும் இடையே இடைவிடாது கண்டு, பழைய பழக்கத்தால் ஒரு கோப்பும் திறந்தான். தோளில் பறவை எச்சம் என்று சொல்லித் துடைக்க வருவோர், கையில் கயிறு கட்டிவிட்டு விடமாட்டேன் என்போர், மனுவில் கையெழுத்து கேட்போர், கீழே கிடந்தது உங்களுடையதா என்று மோதிரம் நீட்டுவோர், போலீஸ் என்று சொல்லிப் பையைச் சோதிப்போர் எனப் பத்தொன்பது வகைக் கள்வரும் அக்கோப்பில் வரிசை எண்ணோடு அடைபட்டனர். அனைத்துக்கும் மேலாக ஒரு பெருவிதியைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டான்: எக்காரணம் கொண்டும் பையைத் தொட்டுப் பார்க்காதே, நீ தொடும் இடமே திருடனுக்கு வழிகாட்டி. இவ்விதியை நம் வீரன் உயிரினும் மேலாகப் போற்றினான். பின்னால் அழுததும் இதை நினைத்துத்தான்.

அடுத்துக் கவசம். வேட்டிக்குள் அணியும் பட்டாபட்டி, நீலமும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடும் அந்த அந்தரங்கப் போர்ச்சட்டை, அதன் வலப்புறத்தில் ஜிப் வைத்த இரகசியப் பை தைத்துத் தருமாறு தேரடித் தெருத் தையற்காரர் பரசுராமனிடம் ஒப்படைக்கப்பட்டது. கலைஞர் பரசுராமன் இரட்டைத் தையல் போட்டுக் கோட்டைச் சுவராகவே கட்டிக்கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கேட்ட ஒரே கேள்விதான் வினை.

"இன்னா சார், இவ்ளோ ஸ்ட்ராங்கா தைக்கச் சொல்றீங்க, உள்ள இன்னா வெக்கப் போறீங்க?"

இரகசியப் பையின் இருப்பிடம் மூன்றாம் மனிதர் ஒருவருக்குத் தெரிந்துவிட்டதே என்று வீரனின் உள்ளம் துணுக்குற்றது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையைப் பிளேடால் பிரித்தெடுத்தான்; இடப்புறத்தில், ஒருவரும் அறியாத இடத்தில், தன் கையாலேயே தைத்தான். வாழ்நாளில் அவன் ஊசி பிடித்தது கோப்புகளைக் கட்டத்தான். அந்தப் பயிற்சியை நம்பி மூன்று முடிச்சு போட்டுவிட்டு, ஜெயித்தவன்போல் தூங்கினான்.

வெள்ளியன்று பௌர்ணமி. திதி மதியமே தொடங்கிவிட்டதால் மலையைச் சுற்ற ஊர் உலகமெல்லாம் திரண்டிருந்தது. ரோமாபுரிக் கூட்டத்தில் நீந்துமுன் உள்ளூர்க் கூட்டத்தில் ஒத்திகை பார்ப்பது விவேகம் என்று தீர்மானித்த வீரன், துணைவியோடு கோயிலுக்குச் சென்றான். பாஸ்போர்ட்டுகள் அர்ச்சனைத் தட்டில் ஏறி, தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே சன்னதி கண்டு, அட்டையில் குங்குமத்தோடு பட்டாபட்டிப் பைக்குத் திரும்பின. முழங்கால் வலி உள்ள ஆதிலட்சுமி கிரிவலம் வரவில்லை. ஆட்டோவில் ஏறியவள் கையை நீட்டினாள்.

"ரெண்டையும் குடுங்க. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

ஆட்டோ ஓட்டுநர் கேட்க, பூக்கடைக்காரர் கேட்க, நம் வீரன் முழங்கினான்: "பெண்ணே, அஞ்சற்க! படையெடுத்து வரும் பகைவர் கூட்டம் பதினாயிரம் ஆயினும், இவ்விரு நூல்களும் இக்கோட்டையை விட்டு ஓர் அங்குலமும் அசையா!"

"என்னமோ பண்ணுங்க. வெயில் ஜாஸ்தியா இருக்கு, வழியில மோராவது வாங்கிக் குடிங்க" என்று அவள் போய்விட்டாள்.

புறப்பட்டான் வீரன். வெறுங்காலில், வெந்த தார்ச்சாலையில், இடுப்பில் ஊரறிந்த பச்சைப் பெல்ட்டும் அதில் பகைவரை ஏய்க்கச் சங்கிலியிட்ட போலிப் பர்ஸும், உள்ளே நிஜப் புதையலுமாக அவன் நடந்த நடையில், இடக்கால் மட்டும் சற்று அகன்றே விழுந்தது. முதல் சமர் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைக் கடந்ததும் மூண்டது. அப்பகுதியில் அறை எடுத்துப் பல வருடமாகத் தங்கியிருக்கும் வெள்ளைக்கார அம்மையார் ஒருவர், கையில் காகிதக் கைக்குட்டையோடு நெருங்கி, கற்றுக்கொண்ட தமிழில் கனிவாகச் சொன்னார்: "அண்ணா, உங்க தோள்ல... காக்கா."

வரிசை எண் ஒன்று! யவன தேசத்து வஞ்சகம் அண்ணாமலையின் அடிவாரத்துக்கே வந்து சேர்ந்ததா! "அணுகாதீர்! அடியேன் அனைத்தும் அறிவேன்!" என்று கர்ஜித்து, பக்தர் வெள்ளத்தைப் பிளந்துகொண்டு நூறடி ஓடினான் வீரன். அம்மையார் கைக்குட்டையோடு அப்படியே நின்றார். அதற்கப்பால் மோர் நீட்டிய தொண்டரை மயக்கமருந்துக்காரர் என்று விலக்கினான். திருநீறு பூச வந்த முதியவரைக் கவனம் கலைப்பவர் என்று கைகூப்பித் தாண்டினான். அன்னதானத் தொன்னையை ஏந்தினால் இரு கைகளும் சிறைப்படும் என்று சர்க்கரைப் பொங்கலையே துறந்தான். பொங்கலைத் துறந்தது மட்டும் கொஞ்சம் வலித்தது.

அடி அண்ணாமலைக்குச் சற்று முன்பாக அவன் பாதத்தில் ஒரு முள் தைத்தது. ஓரமாகக் குந்தி முள்ளை எடுத்தான், எழுந்தான், நடந்தான். பத்தடி போயிருப்பான். பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

"சார்! ஓ சார்! இத்த உட்டுட்டுப் போறீங்களே!"

குரலுக்குரியவள் சந்திரகலா. கீழ்பென்னாத்தூரிலிருந்து பௌர்ணமிதோறும் வந்து, அந்த ஓரத்தில் கூடை வைத்து வேகவைத்த வேர்க்கடலை, அவ்வூர் வழக்கில் மல்லாட்டை, விற்பவள். நம் வீரனுக்கோ அவள் வரிசை எண் பதினேழு: கீழே கிடந்ததைக் காட்டி உரிமையாளரைத் தேடுவதுபோல் நடித்துப் பழி சுமத்தும் கூட்டம். அப்பொருளைத் திரும்பிப் பார்ப்பதே முதல் தோல்வி என்று நாற்பத்தொன்றாவது காணொளி தெளிவாகச் சொல்லியிருந்தது. அவன் திரும்பவில்லை. நடையை ஓட்டமாக்கினான். அவளும் ஓடினாள். கொழுத்த தேகமும் குறுகிய மூச்சுமாக முன்னே வீரன், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னே அந்த மல்லாட்டை மாது, இருபுறமும் சிவநாமம் சொல்வதை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் பக்தர் சேனை என, மலையைச் சுற்றிய பல்லாயிரம் பேரில் அவ்விருவர் மட்டும் சுமார் இருநூறு மீட்டர் தூரத்துக்குப் பந்தயம் ஓடினார்கள். மூச்சு முட்டியதால் வீரன்தான் முதலில் நின்றான்.

"பைக்குள்ள பாஸ்போர்ட்டு மாரி கீது சார். உங்களுதுதான? நீங்க குந்தி எழுந்த எடத்துல கெடந்துச்சி."

கண்களை இறுக மூடிக்கொண்டு, வலக்கையை வானுக்கு உயர்த்தி, சுற்றி நின்றோர் சாட்சியாக வீரன் பிரகடனம் செய்தான்: "அம்மா! அப்பொருள் எனதன்று! எனது பாஸ்போர்ட் எனது பாதுகாப்பில், எவரும் அறியா இடத்தில், இம்மலையினும் உறுதியாக உள்ளது! உன் சூழ்ச்சி இங்கே செல்லாது!"

"ஒரு தபா தொட்டுப் பாத்துக்கினு சொல்லேன் சார்."

ஆகா, தொடச் சொல்கிறாள்! திருடனுக்கு வழிகாட்டும் அந்தப் பெருந்தவற்றுக்கே தூண்டில் போடுகிறாள்! வீரன் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டான்.

"ஐயே, இன்னா மனுசன்யா இது" என்றாள் சந்திரகலா, சுற்றியிருந்தவர்களைப் பார்த்து. "சரி, போ சார். நான் போலீசாண்ட குடுத்துடறேன்."

போலீஸ் பெயரைச் சொல்லி மிரட்டுவது வரிசை எண் பத்தொன்பது. இரண்டு வித்தைகளை ஒரே மூச்சில் முறியடித்த களிப்பில், மார்பு நிமிர்ந்து, மீசை துடித்து, இடக்கால்கூட இப்போது இயல்பாக, இலேசாக விழ, வெற்றிநடை போட்டான் வீரன். கால் ஏன் இலேசாயிற்று என்று அவன் யோசிக்கவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டான்.

குபேர லிங்கத்தருகே, பிள்ளைகளைத் தொலைத்தவர்களுக்காகக் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. கட்டைக் குரல் ஒன்று அறிவித்தது: "வேங்கிக்கால் இராமலிங்கம், தகப்பனார் பேரு கோதண்டராமன், வீட்டுக்காரம்மா பேரு ஆதிலட்சுமி. உங்க பாஸ்போர்ட் ரெண்டும் அடி அண்ணாமலை போலீஸ் பூத்துல இருக்கு. எங்க இருந்தாலும் வந்து வாங்கிக்கவும்."

என் தந்தையின் பெயர் வரை திரட்டியிருக்கிறதே இந்தக் கூட்டம் என்று வீரன் முதலில் வியந்தான். உண்மையாகவே வியந்தான். இரண்டாம் முறை அறிவிப்பு வந்தபோதுதான் பெருவிதியை மீறி அவன் கை இடுப்பின் இடப்புறத்துக்குப் போயிற்று. அங்கே பை இல்லை; ஒரு நூல் மட்டும் தொங்கியது. மூன்று முடிச்சுகளில் ஒன்றுகூட இல்லை.

அண்ணாமலையை எதிர்த்திசையில் சுற்றியவர் எவரும் இல்லை. சுற்ற நினைத்தவரும் இல்லை. முறையாகப் போனால் இன்னும் மூன்று கிலோமீட்டர் முடித்து, மறுபடி பாதி மலையைச் சுற்ற வேண்டும். திரும்பினால் நாலு கிலோமீட்டர். வீரன் கண்ணீர் மல்க மலையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லட்சம் பேர் எதிரே வர, அவர்களுக்கு எதிராகத் திரும்பி ஓடினான். "யோவ், எதிர்ல எங்க போற?" "பெரியவரே, தோஷம்யா!" என்ற அம்புமாரி இருபுறமும் பொழிந்தது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினான். ஆதிலட்சுமி இட்டுவைத்த ஊறுகாய் ஜாடிகளும், மகளுக்கென்று அவள் பின்னி முடிக்காத கம்பளிச் சட்டையும் கண்முன் வந்தன. அந்த நாலு கிலோமீட்டரும் அவன் பயந்துகொண்டேதான் ஓடினான்.

பூத்தில் ஏட்டு மாறன் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெஞ்சில் சந்திரகலா. பொருளுக்கு உடையவர் வரும்வரை இருக்கச் சொன்னதால், கூடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் சாலையோரத்து மாடு ஒன்று கூடையில் முக்கால்வாசியைத் தின்று தீர்த்திருந்தது. ஏட்டு, பாஸ்போர்ட்டின் புகைப்படத்தையும் எதிரே நின்ற உருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானா சார்? இந்தம்மா குடுக்க வந்தப்போ உங்களுது இல்லன்னு ஊரக் கூட்டிச் சொன்னீங்களாமே. எழுதிக் குடுங்க, எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு. அப்புறம் சட்டையத் தொடச்சிக்கோங்க, தோள் பூரா காக்கா எச்சம்."

முப்பத்தொரு ஆண்டுகள் மக்களின் மனுக்களை வாங்கி, காரணம் போதாது என்று திருப்பி அனுப்பிய கை, மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, அதற்குமேல் என்ன காரணம் எழுதுவதென்று தெரியாமல் மூன்று முறை எழுதி எழுதி அடித்தது. ஒருவாறு எழுதி முடித்து, வீரன் சந்திரகலாவின் பக்கம் திரும்பினான். மன்னிப்புக் கேட்டான். மாடு தின்றதற்கு ஈடாகப் பணம் எடுத்து நீட்டினான்.

"மாடு துன்னதுக்கு நீங்க எதுக்கு சார் குடுக்கறீங்க?" என்றாள் அவள், கையை மடக்கிக்கொண்டு. கோபமே இல்லை அவள் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. "நெஜமா சொல்லணும்னா, நீங்க கத்துன கத்துக்கு உங்களுது ஒண்ணு மட்டும்னா அங்கியே போட்டுட்டுப் போயிருப்பேன். உள்ள உங்க வூட்டம்மா போட்டோவும் கீது. பாவம், அவங்க இன்னா சார் பண்ணாங்க?"

நான் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.