கலரண்ணன் பூசிய நீலச் சட்டை

எழுபதுகளில் போடிநாயக்கனூரில் கல்யாணம் முடித்த அத்தனை பேர் உதட்டையும் சிவக்க வைத்தது வெற்றிலை அல்ல, கலரண்ணன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் பூசுகிறவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஏலக்காய்க் கடைக் கணக்குப்பிள்ளையான நான் அவருடைய ஸ்டுடியோவுக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தேன்.

நெகட்டிவிலிருந்து படம் அச்சுப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருட்டறை விளக்குக்குக் கீழே உள்ளங்கையை ஆட்டி ஆட்டி முகத்தின் மேல் வெளிச்சம் அதிகம் விழாமல் மறைப்பார். வெளிச்சம் பட்ட தாள் சுற்றிலும் கறுக்க, முகம் மட்டும் பளிச்சென்று வரும். “கறுப்பு கறுப்பா விழுந்தாத்தேன் மூஞ்சி எந்திரிச்சு நிக்கும்” என்பார்.

கலர் பூசுவதற்கு முன்னால் ஒரு போலீஸ் விசாரணையே நடக்கும். சேலை என்ன கலர், கரை என்ன கலர், மாலையில் என்ன பூ? மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் மலையேறும் கடைசி ஜீப்பு குரங்கணி தாண்டியிருக்கும். என்ன அக்கறை என்று ஊரே மெச்சியது. ஆனால் மனுஷன் யாரோடும் டீ குடிக்கக்கூடப் போக மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் பூசுவார். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் கலர் பூசியதில் தன் கல்யாணத்தை மறந்தே போனார்.

ஒரு மழைக்காலத்தில் ஸ்டுடியோக் கூரை ஒழுகி, கலர்ப் புட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் உரிந்து போயின. அந்த வாரமே பக்கத்துத் தேவாரம் ஊர் விவசாயி ஒருவர், கலர் பூசி வாங்கிப் போன மகளின் கல்யாணப் படத்தோடு வந்து நின்றார். வானம் சரியான நீலம். வாழைமரம் சிவப்பு. மாப்பிள்ளையின் உதடு முதல்தர ஏலக்காய்ப் பச்சை.

“எம் மருமகன் வெத்தலையத் தின்னாரா, உதட்டுல ஒட்டிக்கிட்டாரா?”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். கலரண்ணன் படத்தை வாங்கிக்கொண்டு, சரிசெய்து தருவதாகச் சொல்லி அவரை அனுப்பினார். பிறகு முதன்முறையாக என்னைக் கலர் பூசும் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் புட்டிகள் வரிசையாக இருந்தன.

“எது செவப்பு, எது பச்சைன்னு எழுதி ஒட்டிரு தம்பி. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தேன் தெரியும். வெளிய சொல்லிராத. தெரிஞ்சா எவன் எங்கிட்ட படம் கொண்டாருவான்?”

ஏலக்காயின் பச்சையைப் பார்த்தே ஏலம் கேட்கிற ஊரில், இத்தனை வருடமும் இதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார். எழுதி ஒட்டினேன். மருமகன் உதடு சிவந்தது. நான் வாய் திறக்கவில்லை.

வெளியூரில் வேலை கிடைத்து நான் கிளம்பியபோது, என்னைப் படமெடுத்துக் கலர் பூசித் தந்தார். நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. படத்தில் அது அடர்ந்த நீலம். மறுபடியும் சீட்டு உரிந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டேன்.

“இல்ல தம்பி. எனக்கு நெசமாத் தெரியிற கலரு அது ஒண்ணுதேன்.”

அதன் பிறகு துணிக்கடையில் நான் நீலத்தைத் தவிர வேறு எதையும் எடுத்ததில்லை. என்றாவது பஸ் நிலையக் கூட்டத்தில் எதிர்ப்பட்டால், கலரண்ணன் கண்ணுக்கு நான் தெரிய வேண்டுமே.