உடையப்பன் பார்த்த திருடன்

"பத்து மணிக்கு உங்களைத் துரை ஆபீசுக்கு வரச் சொன்னாராம்" என்று ராக்காயி சொன்னதும், அவள் புருஷன் உடையப்பன் குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் ஸ்டோரைக் காவல் காக்கும் ஜாகா அவர்தான். முந்தாநாள் அவர் கண் அயர்ந்த நேரத்தில் எவனோ ஒரு கட்டு ஷீட்டைத் தூக்கிவிட்டான். இவர் முழித்து, அவிழ்ந்த கைலியைக் கட்டுவதற்குள் ஆள் மறைந்துவிட்டான். இவர் யாரிடமும் மூச்சு விடவில்லை; ஆனாலும் யாரோ துரையிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். நாடு விடுதலையான பிறகும், 1973-லும் அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரைதான். அவர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது; தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை.

நல்லவேளை, ராக்காயியின் தம்பி அய்யாவு வந்திருந்தான். ஈப்போ சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவன். இங்கிலீஷ் படங்களை ஓசியில் பார்த்துப் பார்த்து அந்த மொழிக்கே சொந்தக்காரன் ஆகிவிட்டவன்.

"பயப்படாதீங்க மச்சான். திருடனைப் பார்த்தேங்கிறதுக்கு 'ஐ லுக்'னு சொல்லுங்க, போதும்."

"ஐ லுக்."

"ஐயோ, வேணாம்லா! லுக்குன்னா வேணும்னே பார்த்தது. பார்த்துட்டு ஏன் பிடிக்கலேன்னு கேப்பாரு. 'வாட்ச்'னு சொல்லுங்க."

"ஐ வாட்ச்."

"அது இன்னும் மோசம். அவன் தூக்கி முடிக்கிற வரைக்கும் உக்காந்து வேடிக்கை பார்த்தேன்னு ஆயிடும்."

ராக்காயி அடுப்படியிலிருந்து கத்தினாள். "தூங்கிட்டாருங்கிறதுக்கு அதுல வார்த்தை இல்லியாடா?"

"'சீ'ன்னு சொல்லுங்க மச்சான். தானா கண்ணுல பட்டா அதுதான்."

"துரையைப் பார்த்து 'சீ'ங்கவா? இருக்கிற வேலையும் போயிடும்டா!"

வழி நெடுக மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆபீஸில் துரை சிரித்த முகத்தோடு நாற்காலியைக் காட்டி வாயைத் திறந்தார். உடையப்பன் முந்திக்கொண்டார்.

"ஐ லுக், நோ! ஐ வாட்ச், நோ! ஐ சீ, சார்! தீஃப் ரன்! ஷீட் கோ! கைலி ஃபால்!"

துரையின் முகம் தொங்கிப்போயிற்று. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ராஜுவைக் கூப்பிட்டு இங்கிலீஷில் என்னவோ கேட்டார்.

உடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வேலை போச்சுங்களா, கிராணி ஐயா?"

"அட போய்யா! துரைக்கு அடுத்த வாரம் கம்பெனியில தமிழ்ப் பரீட்சை. பேசிப் பழக, இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் தெரியாத ஆளா அனுப்புன்னாரு, உன்னை அனுப்பினேன். இப்ப எந்த ஷீட்டு காணாமப் போச்சுன்னு கேக்குறாரு!"