திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒரு டைனோசர் முட்டை

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு கல்லைத்தான் நக்கியிருக்கிறேன். அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால். இதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்லக் கூச்சம் இருக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் வேலை கிடைத்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது வேலை கிடைத்தவனுக்கு வருகிற திமிர் இருக்கிறதே, அப்பப்பா! டீ குடிக்க வருகிறவர்களை நிறுத்திவைத்து ஆக்சிஜனைப் பற்றிச் சொல்லுவேன். அந்த நேரம் பார்த்துப் படிப்பகத்தில் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை கையில் சிக்கியது. (என் தலையெழுத்து அன்றைக்கு அட்டை கிழிந்து கிடந்தது.)

அதில் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை. செக்கச்செவேலென்று மணற்பாறைகள். டைனோசர் காலத்தில் காற்று வாரிக் கொட்டிய மணல், இறுகிப் பாறையாகி நிற்கிறதாம். உள்ளே டைனோசர் முட்டைகள், கூட்டில் வட்டமாக அடுக்கியது அடுக்கியபடி கல்லாகிக் கிடந்தனவாம். அப்படி ஒரு கூட்டின் மேல் கிளிமூக்கு வைத்த ஒரு பிராணியின் எலும்புக்கூடு. முட்டையைத் தின்ன வந்த இடத்தில் மணற்புயலில் மாட்டிச் செத்திருக்கிறது என்று முடிவு கட்டி, அறிஞர்கள் அதற்கு ‘முட்டைத் திருடன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதைப் படித்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவகங்கைப் பக்கத்துப் பாறைகளிலும் அந்தக் காலத்து இலைத்தடங்கள் கிடைக்கின்றன என்று எங்கோ படித்திருந்தேன். இலை இருந்தால் அதைத் தின்ன ஆள் இருந்திருக்காதா? ஆள் இருந்தால் முட்டை இருக்காதா? நம் செம்மண் பொட்டலுக்கும் கோபிக்கும் நிறத்தில் என்ன பெரிய வித்தியாசம்? இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தது என் ஆராய்ச்சி.

அப்போதுதான் என் தாய்மாமன் ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பெயர் காந்திமதி. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். திருக்கோஷ்டியூருக்குப் பக்கத்தில் சின்ன ஊர், சொந்த நிலம் வைத்துப் பாடுபடுகிற குடும்பம். போட்டோவில் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுகிற ஒரு முகம். பார்த்த மாத்திரத்தில் டைனோசர் இரண்டு நாள் மறந்துபோயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவும் நானும் பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். சீக்கிரமே வந்துவிட்டோம். மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“நல்ல நேரம் பொறக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குடா. இங்ஙனயே இரு. எங்குட்டும் போயிராத.”

போனேன்.

ஊருக்குப் பின்னால் ஒரு வைக்கோல் படப்பு. அதற்கு அங்குட்டு செம்மண் பொட்டல். நடுவில் பாதி புதைந்து கிடந்தது அது! உருண்டை. வழவழப்பு. நல்ல பூசணிக்காயை விடப் பெரிசு. எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. பழைய எலும்புக் கல்லை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து நக்கினேன்.

ஒட்டியது! (பொங்கலுக்குத் தடவிய விளக்கெண்ணெயும், அதன்மேல் ஏழு மாதம் படிந்த புழுதியும் ஒட்டாமல் என்ன செய்யும்?)

படப்பில் ஒரு கடப்பாரை சாத்தியிருந்தது. பெண் பார்ப்பதற்கென்று கட்டிவந்த எட்டுமுழ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டைக்கு நோகாமல் சுற்றிலும் தோண்ட ஆரம்பித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கிட்டே வந்தார்.

“யாருய்யா நீங்க? அப்பவே புடிச்சுப் பாக்குறேன், நக்குறீக, நோண்டுறீக?”

“இது முட்டைம்மா. டைனோசர்னு ஒரு பிராணி கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இட்டது. மெட்ராஸ் மியூசியத்துக்குக் கொண்டுபோகணும்.”

அந்த அம்மாள் ஆடுகளை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லத்தான் ஓடுகிறார் என்று நான் நினைத்தேன் பாருங்கள்!

பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் நெடுநெடுவென்று, மீசையோடு.

“எந்த ஊர்க்காரன்டா நீ? எங்க இளவட்டக்கல்லைக் களவாங்குற அளவுக்குத் துணிஞ்சிட்டியா?”

இளவட்டக்கல்! கருங்கல்லைக் கொத்தி உருண்டையாக்கி ஊருக்குப் பொதுவில் போட்டிருப்பார்கள். பொங்கலன்று அதைத் தோளுக்குத் தூக்கி எறிகிறவன்தான் ஆம்பளை. தூக்கியவனுக்குப் பெண் கொடுத்த காலமும் உண்டு. அதை வேற்றூர்க்காரன் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் ஊர் மானமே போயிற்று. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? எங்கள் ஊரிலும் ஒன்று கிடக்கிறது. சின்ன வயதில் அதன்மேல் ஏறித்தான் விளையாடினேன். மங்கோலியா வரைக்கும் போன புத்திக்குச் சொந்த ஊர் மறந்துவிட்டது.

அதற்குள் மாமா டீ கிளாஸோடு ஓடிவந்தார். “அய்யய்யோ, பொறுங்க! இவன்தான் நம்ம மாப்ள!”

மீசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் காந்திமதியின் அப்பா.

“நல்லாருக்கு! பொண்ணு பாக்க வந்த எடத்துல களவு. வந்த வழியே கெளம்புங்க. இந்த ஆளுக்கு எம்புள்ளைய நான் தாரதா இல்ல.”

போட்டோவில் இருந்த முகம் கண்முன் வந்தது. எப்படியாவது நான் திருடன் இல்லை என்று புரியவைத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் கோபி பாலைவனத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். செம்பாறை, முட்டைக் கூடு, மணற்புயல் எல்லாம் சொன்னேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். அந்த முட்டைத் திருடனையும் சொன்னேன்.

“அப்ப இவுக அதுக்கு என்ன ஒறமுறை?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“முட்டைங்கிறீகள்ல? எங்கே, தூக்குங்க பாப்பம்.”

தூக்கினேன். அதாவது, நான் தூக்கினேன்; அது வரவில்லை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இடுப்பில் எங்கேயோ ‘மளுக்’ என்றது. அப்படியே அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வேட்டி பூராவும் செம்மண்.

அப்போது படப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“அய்யா, ஒண்ணு கேக்கட்டா?”

பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். போட்டோவில் அடக்கி வைத்திருந்த அதே சிரிப்பு.

“திருட வந்ததுன்னா மணல்காத்து அடிக்கவும் ஓடிருக்கும்ல? முட்டைய விட்டுட்டுப் போக மனசில்லாம மேலயே இருந்து செத்துருக்குன்னா, அது பெத்த தாயாத்தானய்யா இருக்கும்? நம்ம கோழி மழையில நனைஞ்சுக்கிட்டே அடையில கெடக்கல?”

அறிவியல் வாத்தியாரான நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

“இவுகளும் ஓடலையே. இருந்த எடத்துலதான இருக்காக” என்றாள்.

(ஓட முடியவில்லை என்பதுதான் நிஜம். இடுப்புப் பிடித்திருந்தது. இதை இன்றுவரை அவளிடம் நான் சொன்னதில்லை.)

அவள் அப்பா மகளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அதன்மேல் இருந்த என்னைப் பார்த்தார். முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம்தான் சத்தம் வந்தது.

“அடை காத்தது போதும், எந்திரிச்சு வாங்க மாப்ள. பலகாரம் ஆறுது.”

தை மாதத்தில் கல்யாணம். அந்த ஊருக்கு அன்று முதல் நான் முட்டை மாப்பிள்ளை. வாத்தியாராக இருந்தேன், தலைமை ஆசிரியரானேன், ஓய்வும் பெற்றேன்; பெயர் மட்டும் மாறவில்லை. பொங்கலுக்குப் போனால் மச்சினன்மார் அந்தக் கல்லின் மேல் துண்டை விரித்து என்னை உட்காரவைக்காமல் விடமாட்டார்கள்.

பல வருஷம் கழித்து ஒருநாள் செய்தித்தாளில் ஒரு துண்டுச் செய்தி. அதே கோபி பாலைவனத்தில், அதே இனத்துப் பிராணி ஒன்று முட்டைகளைக் கைகளால் அணைத்தபடி கல்லாகிக் கிடந்ததாம். அது திருடன் இல்லையாம். தன் முட்டைகளைத்தான் அடைகாத்துக்கொண்டிருந்ததாம். அடுப்படிக்கு ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். காந்திமதி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

“கோழி வளக்குறவுக யாரையாச்சும் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பாகல்ல. சரி, அந்தப் பாவப்பட்ட சீவனுக்குப் பேரையாவது மாத்துனாகளா?”

“இல்லை. முதல்ல வச்ச பேரை மாத்தக் கூடாதுன்னு அவுங்க சட்டமாம். முட்டைத் திருடன்தான்.”

அவள் துருவுவதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். போட்டோவில் அடக்கி வைத்திருந்த அந்தச் சிரிப்பு.

“எங்க ஊர்லயும் அதே சட்டந்தான்.”