பேனல் அங்கிள் எடுத்த படம்

மானத்தை வாங்குவதில் பேனல் அங்கிளை மிஞ்ச மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆளே கிடையாது. அதையும் சிரித்த முகத்தோடு வாங்குவார். வீட்டுச் சுவரில் பேனல், அதாவது அலங்கார மரப்பலகை, பொருத்துவது அவர் தொழில். உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை.

என் மகளுக்குத் தன்னோடு வேலை செய்யும் பையனைப் பிடித்துப்போனது. அவனுடைய பெற்றோர் அம்பாங்கிலிருந்து எங்கள் கிள்ளான் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னதும், நான் நேரே போய் நின்றது வரவேற்பறைச் சுவர் முன்னால். மழை ஒழுகி, பூசணம் பிடித்து, தொட்டால் உதிரும். இந்த லட்சணத்தைப் பார்த்து அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

பேனல் அங்கிளைக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்ததும் மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

"அலாமாக்! இவ்ளோ மோசமான சுவரை நான் பார்த்ததே இல்லம்மா! எதையும் எடுக்காதீங்க, அப்படியே நில்லுங்க!"

கைப்பேசியில் படம் எடுத்துவிட்டார். கொடியில் என் கணவரின் கிழிந்த பனியன்கள். நான் பழைய நைட்டியில், தலை நிறைய சாயத்தோடு.

"என்னை ஏன் எடுக்கறீங்க, அங்கிள்?"

"ஆள் நின்னாத்தானேம்மா சுவர் எவ்ளோ பெருசுன்னு தெரியும்!"

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒழுகலை அடைத்து, மரச்சட்டம் அடித்து, தேக்கு நிறப் பலகைகளை வரிசையாகப் பொருத்தினார். தேநீர் கொடுத்தால் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடியே குடிப்பார்.

பிறகுதான் ஆரம்பித்தது வினை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் சேலை எடுத்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத பெண் ஓடி வந்தாள்.

"ஆன்டி, நீங்க அந்தப் பூசணச் சுவர் வீடுதானே? பேனல் அங்கிள் காட்டினாரு! இப்ப சூப்பரா இருக்கு லா!"

கடையே திரும்பிப் பார்த்தது. சேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். சுங்கை வே பெட்ரோல் நிலையத்தில் எங்களைத் தெரிந்த ஒருவர் என் கணவரிடம், "புது பனியன் வாங்கிட்டீங்களா, அண்ணே?" என்று அக்கறையாக விசாரித்தாராம்.

போன் போட்டுக் கத்தினேன். "அந்தப் படத்தை அழிச்சிடுங்க, அங்கிள்!"

"எப்படிம்மா அழிக்கறது? உங்க சுவரைப் பார்த்தாத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வருது. நம்ம வீடு இவ்ளோ மோசம் இல்லன்னு மனசு விட்டுப் பேசறாங்க!"

பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"அழகா இருக்கு. புதுசா போட்டதா, அக்கா?"

"இல்லையே, ரொம்ப நாளா இப்படித்தான்," என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படத்துல தலையில சாயத்தோட நிக்கிறது நீங்கதானே, அக்கா?"

பூமி பிளந்தால் பலகையோடு உள்ளே போயிருப்பேன். அடுப்படி வாசலில் நின்ற மகளின் கண் கலங்கிவிட்டது. கெட்டது காரியம் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுச் சுவரும் பேனல் அங்கிள் வேலைதான்," என்றார் அந்த அம்மா. "படத்துல நான் ஈரத்தலையில துண்டோட நிக்கறேன். உங்களுக்கு அவர் காட்டறதுக்குள்ள நானே சொல்லிடணும்னுதான் ஓடி வந்தேன். ராத்திரி தூக்கமே இல்ல, அக்கா."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே நாள் குறித்துவிட்டோம்.

கல்யாணத்துக்குப் பேனல் அங்கிள் பூவேலை போட்ட பாத்தேக் சட்டையில் வந்தார். பந்தியில் உட்கார்ந்தவர் இலையை மறந்து, கைப்பேசியை வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தார். "இது பொண்ணு வீடு. இது மாப்பிள்ளை வீடு. ரெண்டுமே நம்ம வீடு லா!"

நானும் சம்பந்தியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டோம். என்ன செய்வது, எங்களை அந்தக் கோலத்தில் பார்த்தும் இவ்வளவு பெருமையாகச் சொந்தம் கொண்டாடிய மனிதர் அவர் ஒருவர்தான். எத்தனை வெட்கமாக இருந்தாலும் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாப்பாடு ஆறுகிறதே என்று, அவர் பக்கத்தில் போய் நின்று, இலையில் இன்னொரு வடை வைத்தேன்.