மிஸ்டர் வொங்குக்குக் கொடுத்த மணிக்கூடு

ஸ்காபரோ,
16 ஓகஸ்ட் 1998

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

அஜக்ஸ் புதுவீட்டில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டுக்காரி குணவதி சுகம், நானும் சுகம். என் மானம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

நீங்கள் அறிமுகப்படுத்திவைத்த மிஸ்டர் வொங் பற்றித்தான் எழுதுகிறேன். சின்ன வயதில் சீனாவிலிருந்து ஹொங்கொங் துறைமுகத்தில் வந்திறங்கி, வெள்ளைக்காரன் ஆட்சியில் கருவாட்டுக் கூடை சுமந்து, பிறகு கருவாட்டுக்கடை முதலாளியாகி, கொடி மாறப்போகிறது என்றதும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இங்கே வந்த மனிதர். அவரும் நம்மைப்போல ஓடிவந்தவர் என்பதால் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. தன் புதுக் கடையில் ஒரு மூலையை, முருங்கைக்காயும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் விற்க எனக்குத் தருவதாகச் சொன்னார். அதை நம்பி நான் கோழித் தொழிற்சாலை வேலையையும் விட்டுவிட்டேன்.

ஆனால் கடை திறக்க மனிதர் வைத்த நாளைப் பாருங்கள்: எட்டாம் மாதம், எட்டாம் திகதி, காலை எட்டு மணி எட்டு நிமிடம். எட்டு என்றால் அவர்களுக்கு மகாலட்சுமியாம்! அதுவும் சனிக்கிழமை. எனக்கோ அட்டமத்துச் சனி நடக்கிறது. சனியனை விலைக்கு வாங்குவதா? சொன்னால் கேட்கமாட்டார் என்று ஒரு தந்திரம் செய்தேன். பெரிய சுவர் மணிக்கூடு ஒன்றை வாங்கி, பத்து நிமிடம் முன்னே ஓடவைத்து, வெள்ளைக் கடதாசியில் சுற்றி, திறப்புவிழா அன்று விடியவே குணவதியோடு போய் அன்பளிப்பாகக் கொடுத்தேன். அதைப் பார்த்து எட்டு மணிக்கு முன்பே திறந்துவிடுவார், சனியோடு எட்டும் சேராது, இரண்டு பேருக்கும் நல்லது என்று நினைத்தேன்.

பிரித்துப் பார்த்தவரின் முகம் கடதாசியைவிட வெளுத்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் மணிக்கூடு கொடுத்தால் "உன் நேரம் முடிந்தது, போய்ச் சேர்" என்று அர்த்தமாம். வெள்ளை வேறு செத்தவீட்டு நிறமாம்! "மிஸ்டர் ராசா, வை யூ வோன்ட் மீ டை?" என்று கேட்டுக்கொண்டே ஒரு டொலர் நாணயத்தை எடுத்து நீட்டினார். அன்பளிப்புக்குக் காசு வாங்குகிற குடும்பமா நாங்கள், அத்தான்? மறுத்தேன். என் சட்டைப்பையில் திணித்தார். எடுத்து வெங்காயப் பெட்டிக்குள் போட்டேன். அவர் அதைப் பொறுக்கிக்கொண்டு துரத்த, நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கீரைக்கட்டுகளைச் சுற்றி ஓட, விழாவுக்கு வந்த சீனச் சனமும் எங்கடை சனமும் மற்றவர்களுடைய சடங்காக்கும் என்று நினைத்துக் கைதட்டின. குணவதி மட்டும், "ஐயோ, உந்தக் காசை வாங்கித் துலையுங்கோவன்!" என்று கத்தினாள். நல்ல நேரமும் கெட்ட நேரமும் ஓட்டத்திலேயே போய்விட்டன. கடைசியில் வாசலில் நின்று, "உங்கடை மூலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் வெளியே போகவில்லை. உண்மையைச் சொன்னால், அழுகை வருகிறது. விட்ட வேலைக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது? நீங்கள் வந்து, மிஸ்டர் வொங்கை என்னிடம் மன்னிப்புக் கேட்கவைத்து, அந்த மூலையை வாங்கித் தரவேண்டும். குணவதி பாவம், என் சனிதோசம் நீங்க ஒவ்வொரு நாளும் காலையில் கோயிலுக்குப் போய் இருட்டிய பிறகுதான் வருகிறாள்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளை நல்லூரான் காப்பான். நாலு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் மெதுவாக வாருங்கள்.

தங்கள் மைத்துனன்,
இராசரத்தினம்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மிஸ்டர் வொங் தோடம்பழங்களோடு வந்து நிற்கிறார். ஒரு நாணயம் வாங்கிக்கொண்டால் மணிக்கூடு அன்பளிப்பு இல்லையாம், விற்பனையாம், சாபம் போய்விடுமாம். அதற்குத்தான் துரத்தினாராம். நான் வெளியேறிய கையோடு குணவதி அந்த நாணயத்தை வாங்கி, மூலையையும் வாங்கிவிட்டாளாம். கோயில் என்று அவள் போனதெல்லாம் அங்கேதான். முருங்கைக்காய் முடிந்துவிட்டது என்று, இப்போதுதான் வீடு திரும்பிய குணவதியிடம் சொல்லத்தான் மனிதர் வந்திருக்கிறார். ஆகவே நீங்கள் வரவேண்டாம். "மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும், ஆனால் ரோசம் பாக்கிற ஆக்கள் சரிவராது" என்று குணவதி சொன்னாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.