மூன்றாவது தடவை

அன்பும் அதட்டலும் ஒன்றாய்க் கலந்த அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே நலம். அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாய் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புவதும் முறை, ஆகவே நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததற்கெல்லாம் நீதான் காரணம். எனக்கு ஏழு வயதில், எதிர்வீட்டு டீச்சர் பிஸ்கட் தட்டை நீட்டியதும் நான் லபக்கென்று எடுத்துவிட்டேன், நீ என் தொடையில் கிள்ளினாயே, நினைவிருக்கிறதா? வெளியே வந்ததும் பாடம் நடத்தினாய். முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை கேட்டால் ஐயோ வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாவது தடவைதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் மனசே இல்லாத மாதிரி. அம்மாவும் அப்படித்தானே? வந்தவர் போதும் போதும் என்று தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார், அம்மா விரல் இடுக்கில் பரிமாறிவிடுவாள். பாத்திரத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

முப்பது வருடத்துக்கு முன் இங்கே வந்தபோது வேறு எதைக் கொண்டுவந்தேனோ இல்லையோ, இதைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். எல்லோரையும்போல ஆகிவிட்டால் நாம் யாரென்றே தெரியாமல் போய்விடுமே என்று, என் மகளுக்கு, அதாவது உன் மருமகளுக்கு, நடக்கத் தொடங்கும்போதே சொல்லிக்கொடுத்தேன். அவளும் தங்கமான பெண், அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்கிறார்கள், அக்கா. கொட்டுகிற மழையில் ஆபீஸ் தோழி காரில் ஏறச் சொன்னாள், இவள் வேண்டாம் என்றாள், கார் போய்விட்டது, ஒரு வாரம் ஜுரம். மேலதிகாரி கூப்பிட்டு, பிரிவுக்கே உன்னைத் தலைவியாக்கட்டுமா என்றார், எனக்கெதுக்கு சார் என்றாள், அடுத்த மேஜைக்காரன் தலைவனாகிவிட்டான், அவனுக்கு லீவு லெட்டர்கூட இவள்தான் எழுதிக்கொடுப்பாள். நானோ, பண்பாட்டைக் காப்பாற்றுவதென்றால் சும்மாவா என்று பெருமைதான் பட்டேன்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் இந்த ஊர்க்காரன், நல்ல பிள்ளை. இரண்டு வருடமாக அவனுக்கும் இவளுக்கும் பழக்கம். லிஃப்ட் ஏன் இத்தனை தடவை கெட்டுப்போகிறது என்று நான்தான் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். போன மாதம், ஆறாவது மாடியில் எங்கள் கதவுக்கு வெளியே, கையில் கிரீஸோடு நின்று, என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறான். இவள் பழக்க தோஷத்தில் வேண்டாம் என்றிருக்கிறாள். சரி என்றவன், பாக்கியிருந்த ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் கீழே போய்விட்டான், அதுவும் படி வழியாக. இவள் உள்ளே வந்து வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய் தானா சொல்லிடுச்சுப்பா. ரெண்டாவது தடவை கேப்பானா?"

மூன்று வாரம் போயிற்று, அவன் வரவில்லை. லிஃப்ட்டும் பார்த்து ஒரு நாள்கூடக் கெடவில்லை. வேறொரு கட்டடத்தில் வேலை செய்கிறான் என்று விசாரித்து நானே போனேன். பதினோரு மாடி ஏறினேன், ஏனென்றால் லிஃப்ட்டை அவன் கழற்றிப் போட்டிருந்தான். மூச்சு வாங்க வாங்க, மூன்று தடவைக் கணக்கை விளக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டான்.

"வேண்டாம்னு சொன்னவங்களைத் திரும்பக் கேட்டா, அவங்க பேச்சை மதிக்காத மாதிரி ஆயிடும் சார். எங்கம்மா அப்படித்தான் சொல்லி வளத்தாங்க."

அவனுக்கும் ஓர் அம்மா, அவளுக்கும் ஒரு பாடம். நம்முடையதுதான் மரியாதை, இவர்களுடையது அவசரம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன், வெட்கமாக இருந்தது. பிறகு அவன் வெகுளியாக ஒன்று கேட்டான்.

"நீங்க எல்லாரையும் மூணு தடவை கேப்பீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், இருமுவதுபோல் சமாளித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான், இரண்டாவது தடவை கேட்டான். நான் சமையலறையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நிற்கிறேன், இவள் மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை அநியாயமாக மிச்சமாகிவிட்டது. மாப்பிள்ளையை உட்காரவைத்து காபி வேண்டுமா என்றேன். அவர் நம் முறைப்படி வேண்டாம் என்றார், நான் அவர்கள் முறைப்படி சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு பேரும் காபி இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே தீர்மானம் செய்துவிட்டேன். இனி இந்த வீட்டில் ஒரே தடவைதான். வேண்டாம் என்றால் வேண்டாம், அதோடு பேச்சு முடிந்தது. உன் பாடம் என்னோடு போகட்டும், கோபித்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு வந்து இரண்டு குழந்தைகளையும் மனசார வாழ்த்த வேண்டும்.

உன் கிள்ளலுக்கு இன்றும் பயப்படும்,
தம்பி

பி.கு.: மாமா தவறியபோது, என்னோடு வந்துவிடு என்று உன் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். டாக்சி காத்திருந்தது, நானும் சரி என்று ஏறிவிட்டேன். ஆறு வருடமாகிறது, பாடம் சொல்லிக்கொடுத்தவளிடமே தப்புப் பண்ணியிருக்கிறேன். மேலே எழுதிய தீர்மானத்தை அடித்துவிடு. கல்யாணத்துக்கு வருகிறவள் திரும்பிப் போகாமல் எங்களோடேயே இருந்துவிடு, அக்கா. இது இரண்டாவது தடவை. ஐயோ வேண்டாம் என்று உடனே பதில் போடு. மாப்பிள்ளையிடம் மிச்சமான ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.