வாய் திறக்காத வக்கீல்

"சித்தப்பா, அந்த பேனர முதல்ல இறக்குங்க."

நாற்காலி மேல் ஏறி நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த மனோகரன் திரும்பிப் பார்த்தார். சரவாக் மாநிலத்துக் கூச்சிங்கிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய அண்ணன் மகள் நளினி, பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள். கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில் பஷீர் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அதன் சுவர் முழுக்க, 'எங்கள் பாதையை மீட்க வந்த வழக்கறிஞர் நளினி அவர்களே, வருக! வருக!' என்று பேனர் பல்லைக் காட்டியது.

"ஏன்மா, கலர் சரியில்லையா?"

"என் வேலை போயிடும் சித்தப்பா. நான் சரவாக்ல லாயர். என் லைசன்ஸ் அங்க மட்டும்தான். கெடாவுல நான் உங்க அண்ணன் மக, அவ்வளவுதான். இங்க வந்து வக்கீல்னு சொல்லிப் பேசினா குத்தம்."

"ஒரே நாடுதானே லா? என் வேன் லைசன்ஸ வெச்சுக்கிட்டு நான் ஜொகூர் வரைக்கும் ஓட்டுறேன். உன் லைசன்ஸ் திகாம் பத்துவுக்கு வராதா?"

"நீங்க என்னைப் பாக்க வந்தப்ப கூச்சிங் ஏர்போர்ட்ல இமிகிரேஷன் வரிசையில நின்னீங்களா இல்லையா?"

மனோகரன் நின்றிருந்தார். அரை மணி நேரம் நின்றிருந்தார். இருந்தாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். மெர்போக் பக்கத்துத் தோட்டம் ஒன்றைப் புதிதாக வாங்கிய கம்பெனி, அதன் பின்பக்கத்துச் செம்மண் பாதையில் கேட் போட்டுப் பூட்டப் போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டது. அந்தப் பாதையில்தான் மனோகரனின் பள்ளி வேன் பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. பாதை போனால் பதினாறு கிலோமீட்டர் சுற்று. ஆறு வயதுப் பிள்ளை நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். இரண்டு பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே நிறுத்திவிடலாமா என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் மனோகரன் அண்ணன் மகளை வரவழைத்தார்.

"சரி, இந்த ஊர் வக்கீல் யாரையாவது கூப்பிட்டீங்களா?"

மனோகரன் தலையைச் சொறிந்தார். "சுங்கை பட்டாணி டவுன் வக்கீல் ஷாமளா பீஸ் இல்லாமலே வரேன்னுதான் சொன்னாங்க. எங்க வீட்லயே பெரிய வக்கீல் இருக்கு, நீங்க சிரமப்படாதீங்கன்னு சொல்லிட்டேன்."

"அய்யோ சித்தப்பா!"

ஷாமளாவுக்குப் போன் போட்டார்கள். அவர் அலோர் ஸ்டாரில் ஒரு திருமண வீட்டில் இருந்தார். சாயங்காலத்துக்குள் வர முடியாது, ஆனால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் தனக்கு அனுப்புங்கள் என்றார். கம்பெனிக்காரர்களோடு பேச்சுவார்த்தை தொடங்கவோ பத்து நிமிடம்தான் இருந்தது.

பேனரின் முடிச்சுகள் அவிழவில்லை. மனோகரன் எதைக் கட்டினாலும் பலமாகக் கட்டுகிறவர். அவசரத்துக்கு, கறுப்பு டேப்பை எடுத்து 'வழக்கறிஞர்' என்ற சொல்லின் மேல் நீளமாக ஒட்டினார். இப்போது நளினி யாரோ பெரிய ரகசியப் புள்ளி என்று சுவரே சொன்னது.

"இதுக்கு முந்தினதே பரவாயில்ல," என்றாள் நளினி. "நான் பின்னாடி அந்த ஐஸ்பெட்டிகிட்ட உக்காந்துக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். என்னை யாருன்னும் சொல்லாதீங்க."

தோட்டத்து ஜனங்கள் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். "பாப்பா யாருன்னு யாரும் மூச்சு விடக் கூடாது," என்று மனோகரன் ஒவ்வொருவர் காதிலும் ஓதினார்.

கம்பெனி மேனேஜர் சைபுல் வந்தார். கூடவே கோட்டும் பளபளக்கும் சப்பாத்துமாகக் கம்பெனி வக்கீல் சுகுமாரன். வந்ததும் பேனரைப் படித்தார், கறுப்புப் பட்டையில் கண் நின்றது. மனோகரன் பதறிப்போய், வந்தவரின் கவனத்தைத் திருப்ப, பஷீர் பாயின் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை முன்னால் தள்ளினார். காரமான மிளகாய்ச் சம்பல் இரண்டு கரண்டி கூடுதல்.

சாப்பிட்ட பிறகு சுகுமாரன் தொண்டையைக் கனைத்தார். "இது தனியார் நிலம். இந்த நாட்டுச் சட்டப்படி, எத்தனை வருஷம் நடந்திருந்தாலும் பாதை மேல உங்களுக்கு எந்த உரிமையும் கெடையாது. ஒரு வாரம் டைம். அப்புறம் நடந்தீங்கன்னா போலீஸ்."

பின்னால் நளினிக்கு உடம்பெல்லாம் அரித்தது. அந்த ஆள் சொன்னதில் பாதி தப்பு. ஆனால் அதை அவள் வாய் திறந்து சொல்ல முடியாது. வாயில் வந்ததையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இறக்கினாள். சுகுமாரன் பேசப் பேச அவள் எழுத, அவள் எழுத எழுத சுகுமாரன் அவளையே பார்த்தார். போகப் போகப் பேச்சு குறைந்தது.

"அங்க எழுதிக்கிட்டு இருக்காங்களே, யாரு அவங்க?"

"யாரு? எங்க?" என்றார் மனோகரன், அறையில் அப்படி ஒருத்தி இருப்பது அப்போதுதான் தெரிந்தவர் போல.

"அந்த மேடம்."

"அவங்களா... அவங்க சும்மா பாக்க வந்திருக்காங்க."

"என்ன பாக்க?"

"நடக்கிறத."

நளினிக்குப் பொய் பிடிக்காது. எழுந்து நின்றாள். "வேற இடத்து லைசன்ஸ் வெச்சிருக்கிற வக்கீல் இங்க வந்து கட்சிக்காரங்களுக்காகப் பேசக் கூடாது சார். பேசினா குத்தம். உங்களுக்குத் தெரியாததா? அதனாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சுகுமாரன் முகம் வேர்த்தது. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "டாய்லெட் எங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து ஓடினார்.

மனோகரன் சுகுமாரனின் காலித் தட்டைப் பார்த்தார். சம்பல்! பாதை போவதோடு நிற்காது, வக்கீலுக்கு விஷம் வைத்ததாக வழக்கும் வரும். தைலப் புட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிக் கதவைத் தட்டினார்.

"ஐயா, வயித்து வலியா? தைலம் தடவி விடவா?"

மறுபடியும் தட்டினார்.

"தண்ணி ஒத்துக்கலையோ என்னவோ. உங்களுக்கு எந்த ஊருங்கய்யா?"

உள்ளே ஏதோ டமால் என்று விழுந்தது.

"எந்த ஊருன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மருந்து குடுக்கலாம்யா!"

"போங்க இங்கிருந்து!" என்றது உள்ளிருந்து ஒரு குரல், அழாத குறையாக.

மனோகரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இனி இழக்க என்ன இருக்கிறது? சைபுலுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்குச் சட்டம் தெரியாது, பிள்ளைகளைத் தெரியும்.

"என்சிக் சைபுல், என் வேன்ல பத்தொன்பது பிள்ளைங்க. இப்பவே பாதி பேரு தூங்கித் தூங்கி விழுதுங்க. இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி எழுப்பினா, அதுங்க படிக்கவா போகும்? பாதைய எங்களுக்குக் குடுக்க வேணாம். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, என் வேன் போகட்டும்."

சைபுல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் பள்ளி போகிற மகள் இருந்தாள். வாய் திறக்கப் போன நேரம் சுகுமாரன் திரும்பி வந்தார். உட்காரவில்லை. சைபுல் காதில் ஏதோ கிசுகிசுத்தார். இருவரும் ஐஸ்பெட்டிப் பக்கம் பார்த்தார்கள். நளினி, பழக்க தோஷத்தில், அதையும் எழுதிக்கொண்டாள்.

"ஓகே, போலே. செய்யலாம்," என்றார் சைபுல். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. கடிதத்தைத் தம் கையாலேயே எழுதினார். பாதை திறந்திருக்கும். வேன், மோட்டார் சைக்கிள், நடந்து போகிறவர்கள், யாரையும் தடுப்பதில்லை. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. சுகுமாரனின் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று சுகுமாரனே இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

மனோகரன் பேனாவைத் திறந்தார். ஐஸ்பெட்டிப் பக்கம் நளினி உதட்டைக் கடித்துக்கொண்டு தவித்தாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்வதுகூட ஆலோசனை ஆகிவிடுமே. நல்லவேளை, மனோகரனுக்கே ஞாபகம் வந்தது. படம் பிடித்து ஷாமளாவுக்கு அனுப்பினார். கல்யாணப் பந்தியிலிருந்து பதில் பறந்து வந்தது. 'அருமையா இருக்கு அண்ணே. சைன் பண்ணுங்க!'

கம்பெனிக் கார் கிளம்பியதும் அறையே எழுந்து ஆடியது. மனோகரன் மேசை மேல் ஏறினார். பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் முதல் மார்க் வாங்கியது போல அவருக்கு இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் மறைக்கவில்லை.

"பாத்தீங்களா எங்க அண்ணன் மகள? ஒரு வார்த்தை வாதாடல! முகத்தைப் பாத்தே அந்தாளு பயந்துட்டான்!"

"நான் ஒண்ணுமே செய்யல சித்தப்பா," என்றாள் நளினி. அவளுக்கே ஒன்றும் புரியவில்லை. "நல்லாப் பேசிக்கிட்டிருந்தவரு ஏன் திடீர்னு இறங்கி வந்தாரு?"

மனோகரன் முகம் வாடியது. "வேற என்ன, சம்பல்தான். பாவம், வயித்தக் கெடுத்துட்டோம். என்ன பாய் போட்டீங்க அதுல?"

காலி மங்குகளை அடுக்கிக்கொண்டிருந்த பஷீர் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் சம்பல் மேல பழி போடாதீங்க அண்ணே! அந்த வக்கீல் தம்பி டாய்லெட் உள்ள நின்னு போன்ல அழுததை என் காதால கேட்டேன். 'நான் சிங்கப்பூர்ல மட்டும்தான் லாயர், எனக்கு இங்க லைசன்ஸ் இல்லன்னு இவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு பாஸ், ஒரு ஆள் உக்காந்து எழுதுறாங்க, இன்னொரு ஆள் கதவத் தட்டி எந்த ஊரு எந்த ஊருன்னு கேக்குறாரு'ன்னு!"